கண்மாய்க்கரை நடைக்குப் பஸ்ஸில் வருகிறவர்கள் செய்யும் தவறுகள்

மழை ஓய்ந்த ஒரு மார்கழிக் காலையில் காரைக்குடியில் டவுன் பஸ் ஏறி, ஏதாவது ஒரு கிராமத்துக்குப் பாதை பிரிகிற விலக்கில் இறங்கி, கண்மாய்க்கரை மேல் ஏறி நின்று பாருங்கள். கண்மாய் என்றால் எங்கள் பக்கத்தில் ஏரி. ஒரு பக்கம் தண்ணீர் கரையைத் தட்டிக்கொண்டிருக்கும். மறுபக்கம், காலுக்குக் கீழே இரண்டு ஆள் பள்ளத்தில், கண்ணுக்கு எட்டிய மட்டும் நெல். நடுவில் ஒற்றையடிப் பாதை. அதில் நடக்கிற சுகம் எனக்கு எந்த மலையிலும் கிடைத்ததில்லை. கார் வேண்டாம், பஸ் காசு போதும். பெண்களுக்கு அதுவும் வேண்டாம். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் அவர்களுக்குக் கட்டணம் கிடையாது.

காரைக்குடியைச் சுற்றியுள்ள செட்டிநாட்டுக்கு வருகிறவர்கள் பெரிய வீடுகளைப் பார்ப்பார்கள், ஆத்தங்குடித் தரைக்கல் வாங்குவார்கள், சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவார்கள். கண்மாய்ப் பக்கம் எட்டிப் பார்க்கிற சிலரும் அதை ஒரு பூங்காபோல நினைத்து வருகிறார்கள். ஊரின் விவசாயம், குளியல், சாமி எல்லாம் அந்தத் தண்ணீரைச் சுற்றித்தான் நடக்கின்றன. நான் பார்த்த தவறுகளில் முக்கால்வாசி இதை நினைவில் வைக்காததால் வந்தவை.

வரைபடத்து நீலத்தை நம்புவது

செல்போன் வரைபடத்தில் கண்மாய் வருடம் முழுவதும் நீலமாகத்தான் இருக்கும். அதை நம்பிச் சித்திரையில் வந்தால் வெடித்துக் கிடக்கும் களிமண்ணும் மேயும் ஆடுகளும்தான். எங்கள் சீமையில் வற்றாத ஆறு கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் பெய்கிற வடகிழக்குப் பருவமழைதான் கண்மாயை நிரப்ப வேண்டும். நடக்க நல்ல காலம் கார்த்திகைக் கடைசியிலிருந்து மாசி வரை. மழை பொய்த்த வருடத்தில் அதுவும் இல்லை. அதனால் அந்தப் பக்கத்து ஆள் யாரிடமாவது, "கண்மாய் பெருகிருச்சா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். "பெருகி மறுகால் போகுது" என்று, அதாவது நிரம்பி வழிகிறது என்று, பதில் வந்தால் அந்த வாரமே போய்விட வேண்டும்.

வரைபடம் இன்னொரு விதத்திலும் ஏமாற்றும். நீல வட்டத்தைப் பார்த்து, அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடலாம் என்று கணக்குப் போடுவார்கள். கண்மாய்க்குக் கரை ஒரு பக்கம்தான் உண்டு. சரிவின் தாழ்ந்த பக்கத்தில் பிறைபோல வளைத்துக் கரை போட்டிருப்பார்கள். மேட்டுப் பக்கம் திறந்தே கிடக்கும். அங்கிருந்துதான் வரத்துக்கால் வழியாகத் தண்ணீர் உள்ளே வருகிறது. அந்த உள்வாய்ப் பகுதி மழைக்காலத்தில் சகதி, மற்ற நாளில் முள்காடு. முழங்கால் வரை சேற்றில் மாட்டிக்கொண்டு, செருப்பை ஒரு கையிலும் பையை இன்னொரு கையிலும் தூக்கிப் பிடித்து நின்றவர்களை நான் கரைக்குக் கூட்டி வந்திருக்கிறேன். கரையின் இந்த முனையில் ஏறினால் அந்த முனையில் இறங்குங்கள், அல்லது வந்த வழியே திரும்புங்கள். இரண்டு முனைக்கும் வெவ்வேறு ஊர் என்றால் இன்னும் நல்லது: ஓர் ஊருக்குப் பஸ்ஸில் போய், நடந்து, அடுத்த ஊரில் பஸ் ஏறலாம்.

பஸ் விஷயம்

பஸ்ஸைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், அதிகம் பேர் தடுமாறுவது இங்கேதான். மதுரை மாட்டுத்தாவணியிலிருந்து காரைக்குடி வழியில் வருகிறவர்கள், முதலில் நிற்கிற பஸ்ஸில் ஏறிவிடுவார்கள். அது ஒன் டு ஒன் வண்டியாக இருந்தால் கிராமத்து விலக்கில் நிற்காது. ஒரு தடவை நானே அப்படி ஏறிவிட்டேன். டிக்கெட் கொடுக்கும்போதுதான் கண்டக்டர், "அங்கெல்லாம் நிக்காது தம்பி, திருப்பத்தூர்லதான் இறங்கணும்" என்றார். அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்துத் திரும்பி வந்து சேர்வதற்குள் வெயில் ஏறிவிட்டது. ஏறுமுன், "இந்த விலக்குல நிக்குமா?" என்று ஊர்ப் பெயரைச் சொல்லிக் கேட்டுவிடுங்கள்.

திருப்பத்தூர் என்று சொல்லும்போது ஒரு எச்சரிக்கை. ரயில் நிலையம் இருக்கிற திருப்பத்தூர் வட மாவட்டத்தில், ஜோலார்பேட்டைப் பக்கம் இருக்கிறது. எங்கள் திருப்பத்தூர் சிவகங்கை மாவட்டத்தில். முன்பதிவு செய்யும்போது மாவட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். ரயிலில் வந்தால் இன்னொன்று: தேவகோட்டை ரோடு நிலையத்தில் இறங்கினால் தேவகோட்டை வந்துவிடாது. நாங்கள் தேவகோட்டை ரஸ்தா என்று சொல்கிற அந்த இடம் காரைக்குடிக்குத்தான் பக்கம். தேவகோட்டை போக அங்கிருந்து மறுபடி பஸ் ஏற வேண்டும். கானாடுகாத்தானுக்கு செட்டிநாடு நிலையத்தில் இறங்கலாம். ஆனால் எல்லா விரைவு ரயிலும் அங்கே நிற்காது.

கிராமத்துப் பஸ்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் வேலைக்குப் போகிறவர்களுக்கும் ஏற்ற நேரத்தில் ஓடுகின்றன. காலையிலும் மாலையிலும் வண்டி கிடைக்கும், நடுப்பகலில் மணிக்கணக்கில் ஒன்றும் வராது. இறங்கும்போதே கண்டக்டரிடம், "திரும்ப எத்தனை மணிக்கு வரும்?" என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அவரைவிட நம்பகமான கால அட்டவணை இல்லை. ராத்திரி கடைசியாக ஊருக்குள் வருகிற வண்டி, பல ஊர்களில், ஹால்ட் வண்டி. ஊரிலேயே தங்கிவிட்டு விடியற்காலையில்தான் கிளம்பும். அதில் திரும்பிவிடலாம் என்று கரையில் உட்கார்ந்திருந்து, பிறகு ஆட்டோவுக்கு அலைந்தவர்கள் உண்டு. கடைசி வண்டியை விட்டுவிட்டு, அதற்கு முந்தியதற்கே வந்து நின்றுவிடுவது நல்லது.

ஊருணியில் செருப்பு

ஊருணி வேறு, கண்மாய் வேறு. கண்மாய் வயலுக்கு, ஊருணி குடிக்க. செட்டிநாட்டு ஊர்களில் கூரையிலும் தெருவிலும் விழுகிற மழைத்தண்ணீர் ஊருணிக்குப் போய்ச் சேரும்படி கால்வாய் அமைத்திருப்பார்கள். சில ஊர்களில் இன்றும் குடிதண்ணீர் அதுதான். அங்கே செருப்போடு படி இறங்குவதும் கால் கழுவுவதும் அடுத்த வீட்டு அடுப்படிக்குள் நுழைந்து தண்ணீர்ப் பானையில் கை விடுவது போல.

கானாடுகாத்தானுக்குப் பக்கத்து ஊர் ஒன்றில், வெளியூர்ப் பையன் ஒருவன் சேறு பட்ட காலைக் கழுவ ஊருணிக்குள் இறங்கினான். படியில் ஓர் ஆச்சி உட்கார்ந்திருந்தார். பித்தளைக் குடத்தின் வாயில் வெள்ளைத் துணியை விரித்து, சொம்பில் மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தார். தூசி துணியில் நிற்க, தண்ணீர் மட்டும் கீழே இறங்கியது. அவர் சத்தம் போடவில்லை. "அப்பு, செருப்ப அங்கிட்டு விட்டுட்டு வா. காலு கழுவக் கண்மாய் இருக்கு, இது நாங்க குடிக்கிற தண்ணி" என்றார். பையன் தலைகுனிந்து மேலே ஏறினான். அப்புறம் ஆச்சியே அவனைக் கூப்பிட்டு, அதே சொம்பில் தண்ணீர் கொடுத்தார். நானும் வாங்கிக் குடித்தேன். அத்தனை இனிப்பு.

முள், பாசி, பள்ளம்

ரப்பர் செருப்போடு கரையில் நடக்காதீர்கள். சீமைக்கருவேல முள் அடிப்பாகத்தைத் துளைத்து நேராகப் பாதத்தில் ஏறும். வெட்டிப் போட்ட கிளைகள் காய்ந்து மண் நிறத்தில் கிடப்பதால் கண்ணுக்கும் தெரியாது. முனை உள்ளே முறிந்துவிட்டால் சீழ் வைத்து வாரக்கணக்கில் வலிக்கும். அடி கனமான ஷூ போடுங்கள். ஐயனார் கோயில் வந்தால் கழற்றிவிடுங்கள். பல கரைகளில் ஐயனார் இருப்பார், புரவி எடுப்புத் திருவிழாவில் வைத்த மண் குதிரைகள் வரிசையாக நிற்கும். உடைந்து மண்ணோடு கிடந்தாலும் அவை நேர்ந்துகொண்டு வைத்தவை. ஏறி உட்கார்ந்து படம் எடுக்க வேண்டாம்.

கண்மாய் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வெளியேறுகிற இடம் கலுங்கு. அதில் தண்ணீர் வழியும்போது கடக்கவே கூடாது. கணுக்கால் அளவுதானே என்று தோன்றும். அடியில் இருக்கும் பாசி எண்ணெய் தடவியது போல வழுக்கும், மறுபக்கம் கல் பாவிய பள்ளம். வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடுகிற மடையில் ஒரு திருகு இருக்கும். பிள்ளைகள் அதை ஆசையாகச் சுற்றப் பார்ப்பார்கள், தடுத்துவிடுங்கள். எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் என்பதற்கு முறை இருக்கிறது, பல ஊர்களில் அதைக் கவனிக்கவே நீர்பாய்ச்சி இருக்கிறார்.

எல்லாவற்றையும்விட நான் பயப்படுவது குளியலுக்குத்தான். கோடையில் கண்மாய்க்குள் மண் அள்ளுவார்கள். அந்தக் குழிகள் மழை வந்ததும் தண்ணீருக்கு அடியில் மறைந்துவிடும். இடுப்பளவில் நடந்துகொண்டிருப்பவர் அடுத்த எட்டில் ஆளை மூழ்கடிக்கும் ஆழத்தில் இருப்பார். நீச்சல் தெரிந்தவர்களும் சேற்றிலும் கொடியிலும் சிக்கிப் போயிருக்கிறார்கள். உள்ளூர்க்காரர்கள் குளிக்கிற துறையைத் தவிர வேறு எங்கும் இறங்காதீர்கள், அங்கேயும் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

பாம்பு உண்டு. கண்ணாடிவிரியன் கரைப் புல்லில் அசையாமல் கிடக்கும். பார்த்துக் கால் வையுங்கள், கல் இடுக்கில் கை விடாதீர்கள், இருட்டும்வரை இருந்தால் டார்ச் வேண்டும். கடித்தால் கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட இடத்தை அசைக்காமல் 108-ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

கேமராவும் மனிதர்களும்

விடியற்காலை வெளிச்சம் படத்துக்கு நல்லது, உண்மைதான். ஆனால் அந்த நேரத்தில்தான் பெண்கள் துறையில் குளிப்பார்கள், சிலர் கரை ஓரம் ஒதுங்க வருவார்கள். கழுத்தில் கேமராவோடு கரை மேல் ஓர் ஆண் நின்றால் அவர்களுக்கு எப்படி இருக்கும்? தூரத்திலேயே கொஞ்சம் குரல் கொடுத்துக்கொண்டு வாருங்கள். துறை இருக்கிற பக்கம் கேமராவைப் பைக்குள் வையுங்கள்.

பொங்கலை ஒட்டி வருகிறவர்கள், மாடுகளை அவிழ்த்துவிட்டுப் பிடிக்கிற மஞ்சுவிரட்டு நாளை விசாரித்துக்கொள்ள வேண்டும். சிராவயலில் தை 3ஆம் நாள். அவிழ்த்துவிட்ட மாடு பொட்டலோடு நிற்காது, வயல், கண்மாய் என்று எங்கும் ஓடும். பஸ்களையும் வேறு வழியில் திருப்பிவிடுவார்கள். அன்றைக்கு அந்தச் சுற்றுவட்டாரத்தில் கரை நடை வேண்டாம்.

பறவைகளைக் கலைப்பது

கடைசியாக, நான் மிகவும் நேசிக்கிற இடம். திருப்பத்தூருக்குப் பக்கத்தில் வேட்டங்குடி, கொள்ளுகுடிப்பட்டிக் கண்மாய்கள், 1977 முதல் பறவைகள் சரணாலயம். நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், அரிவாள்மூக்கன், பாம்புத்தாரா, வக்கா எல்லாம் தண்ணீருக்குள் நிற்கிற கருவேல மரங்களில் கூடு கட்டுகின்றன. குஞ்சுகள் மிரளும் என்பதற்காக அந்த ஊர் மக்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. பிள்ளைகள்கூட. அப்படிப்பட்ட ஊரில் போய், பறவைகள் கூட்டமாகப் பறந்தால் படம் நன்றாக வரும் என்று கை தட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், கல் எறிந்தவரையும் பார்த்திருக்கிறேன். ஒரு தடவை தாய்ப் பறவை எழும்பினால் கூட்டில் இருக்கும் முட்டையும் குஞ்சும் வெயிலுக்கும் காக்கைக்கும் தனியாக விடப்படுகின்றன.

பளிச்சென்ற நிறத்தில் உடுத்தாமல், செல்போன் பாட்டை அணைத்துவிட்டு, கரையில் ஓரிடத்தில் உட்காருங்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல், மேயப்போனவை திரும்பத் தொடங்கும். முதலில் இரண்டு மூன்று, அப்புறம் வரிசை வரிசையாக. நத்தைகுத்தி ஒன்று கூட்டின் விளிம்பில் இறங்கி, சேர்ந்து மூடாத அந்த அலகை விரித்து, குஞ்சுக்கு நத்தைச் சதையைக் கக்கிக் கொடுக்கும். கால்மணி நேரம் அசையாமல் இருந்தால் அதை வெறும் கண்ணாலேயே பார்க்கலாம். பார்த்துவிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே விலக்குக்கு நடந்துவிடுங்கள்.