சிங்கப்பூர் வேலை: பாஸுக்குக் கணக்காகும் சம்பளம் எது?

சிங்கப்பூருக்கு எஸ் பாஸில் (நடுத்தரத் திறன் வேலைக்கான அனுமதி) வருபவர்கள் பலர், முதலில் தனியாகப் போவோம், அப்புறம் குடும்பத்தை அழைத்துக்கொள்வோம் என்று நினைத்துத்தான் விமானம் ஏறுகிறார்கள். வேலைக்கான சம்பள வரம்பு வேறு, குடும்பத்துக்கான வரம்பு வேறு என்பதைப் பெரும்பாலும் ஏஜென்ட் சொல்வதில்லை. ஊரிலேயே தெரிந்துகொண்டு கிளம்புங்கள்.

எஸ் பாஸுக்குப் புதிதாக விண்ணப்பிக்க, 2025 செப்டம்பர் 1 முதல் மாதம் குறைந்தது 3,300 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) சம்பளம் வேண்டும், நிதித்துறையில் 3,800. இது இளையவர்களுக்கான தொகைதான். வயது ஏற ஏற வரம்பும் ஏறி, 45 வயதில் 4,800-ஐ எட்டும்; நிதித்துறையில் அது இன்னும் அதிகம். உயர்திறன் வேலைக்கான எம்ப்ளாய்மென்ட் பாஸ் 5,600-இல் தொடங்குகிறது. அதற்குச் சம்பளத்தோடு, காம்பஸ் என்ற புள்ளிமுறையில் பொதுவாக 40 புள்ளிகளும் தேவை.

பலர் தடுமாறும் இடம் சம்பளக் கணக்கு. ஆஃபர் லெட்டரில் மொத்தம் 3,600 என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பிரித்துப் பாருங்கள்: அடிப்படைச் சம்பளம் 2,900, மாதாமாதம் மாறாத படி 250, மீதி 450 ஓவர்டைம். கணக்கில் வருவது 3,150 மட்டுமே. ஓவர்டைம், போனஸ், கமிஷன், மாதத்துக்கு மாதம் மாறும் படிகள் எதுவும் சேராது. ஆகவே பேரம் பேசும்போது, “நிலையான மாதச் சம்பளம் எவ்வளவு?” என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். ஐபிஏ கடிதம் (பாஸுக்கான முதற்கட்ட ஒப்புதல்) வந்ததும் அதிலுள்ள தொகையோடு ஒப்பிடுங்கள்.

மனைவி, கணவர், 21 வயதுக்குட்பட்ட பிள்ளைகளை டிபெண்டன்ட் பாஸில் அழைக்க நிலையான சம்பளம் 6,000 வெள்ளி இருக்க வேண்டும். பெற்றோரை நீண்டகால வருகை பாஸில் அழைக்க 12,000. 3,500 வாங்கும் ஒருவர் சட்டப்படி இங்கே வருடக்கணக்கில் வேலை செய்யலாம். மனைவியும் பிள்ளையும் விசிட்டில் மட்டுமே வந்து போக முடியும். இந்தப் பிரிவைத் தாங்குவது எளிதல்ல. கிளம்பும் முன் வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள்.

நிரந்தரவாசத்துக்கு எஸ் பாஸிலிருந்தும் விண்ணப்பிக்கலாம். அதற்கு இவ்வளவு சம்பளம் என்று அறிவிக்கப்பட்ட வரம்பு கிடையாது. “இவ்வளவு கொடுத்தால் பிஆர் நிச்சயம்” என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

“பேப்பரில் அதிகம் போட்டுக்கொள்ளலாம், வித்தியாசத்தைக் கையில் திருப்பிக் கொடுத்துவிடு” என்று முதலாளி சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். வேலை கொடுக்க உங்களிடம் பணம் வாங்குவதும் சம்பளத்தைப் பொய்யாகக் காட்டுவதும் குற்றம். மனிதவள அமைச்சிடம் நீங்களே புகார் செய்யலாம்.

புதுப்பிக்கும்போதும் வரம்பு பார்ப்பார்கள். 2026 செப்டம்பர் 1 முதல் காலாவதியாகும் எஸ் பாஸ்களுக்கும் 3,300 தொடக்கம்தான். அதற்குள் உங்கள் வயதும் கூடியிருக்கும். மனிதவள அமைச்சின் இணையதளத்தில் தகுதியை நீங்களே சோதித்துப் பார்க்கும் வசதி இலவசமாக இருக்கிறது. பாஸ் முடியச் சில மாதம் முன்பே அதில் பார்த்துவிட்டு, சம்பள உயர்வு பற்றி நிறுவனத்திடம் பேசத் தொடங்குங்கள்.