பதிலைச் சொல்லாமல் ஏழு பிள்ளைகளைப் படிக்கவைப்பது எப்படி?

கலிஃபோர்னியாவில் சான் டியாகோவில் ஒரு பொதுப்பள்ளிக்கு நான்கு வருடம் அவிட் (AVID) என்ற கல்வித் திட்டத்தின் டியூட்டராகப் போனேன். அதற்கு முன் கோவில்பட்டியில் வீட்டுத் திண்ணையில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுத்தவள். திண்ணைப் பழக்கத்தை முதல் நாளே அங்கேயும் காட்டிவிட்டேன். பலகை முன்னால் ஒரு பையன் திணறி நின்றான். எழுந்துபோய் மார்க்கரை வாங்கி நானே கணக்கை முடித்துக் கொடுத்தேன். வகுப்பு கலைந்ததும் பொறுப்பாசிரியை என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "கணக்கு உங்களுக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும். இன்று அவன் என்ன கற்றான்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அவரிடம் நான் கற்ற முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். நாலைந்து பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கிற யாரும் இதைச் செய்து பார்க்கலாம்.

முதலில், அவிட் என்றால் என்ன? 1980-ல் சான் டியாகோவின் கிளேர்மான்ட் உயர்நிலைப் பள்ளியில் ஆங்கில ஆசிரியையாக இருந்த மேரி கேத்தரின் ஸ்வான்சன் தொடங்கியது. நிற அடிப்படையிலான பிரிவினையை ஒழிக்க நீதிமன்றம் உத்தரவிட்டிருந்த காலம் அது. ஏழைப் பகுதிகளிலிருந்து பிள்ளைகள் பஸ்ஸில் அந்தப் பள்ளிக்கு வரத் தொடங்கினார்கள். அவர்களை எளிய பாடங்களில் போட்டுவிடலாம் என்ற எண்ணம் பரவலாக இருந்தது. ஸ்வான்சன் நேர்மாறாகச் செய்தார். 32 பிள்ளைகளைக் கல்லூரிக்கு இட்டுச்செல்லும் கடினமான வகுப்புகளிலேயே சேர்த்தார். அதைத் தாங்கிப்பிடிக்கப் பள்ளி நேரத்துக்குள்ளேயே ஒரு தனி வகுப்பும் வைத்தார். அந்த ஒற்றை வகுப்பு இன்று ஆயிரக்கணக்கான பள்ளிகளோடு வேலை செய்யும் லாபநோக்கற்ற நிறுவனமாக வளர்ந்திருக்கிறது. முதல் ரேங்க் எடுப்பவர்களை அது தேடுவதில்லை. நடுவில் இருப்பவர்கள், உழைக்க மனம் உள்ளவர்கள், பெரும்பாலும் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிக்கப்போகிறவர்கள்தான் அதன் பிள்ளைகள்.

அந்தத் தனி வகுப்பில் வாரத்தில் இரண்டு நாள் டியூட்டோரியல், அதாவது டியூட்டரோடு சிறு குழுவாக உட்கார்ந்து படிப்பது. ஒரு டியூட்டருக்கு ஏழு பேருக்கு மேல் கூடாது. எட்டாவது ஆள் வந்தால் ஒருவர் வாயே திறக்காமல் தப்பித்துவிடுவார், நானே பார்த்திருக்கிறேன்.

வேலை முந்தின நாள் ராத்திரியே ஆரம்பிக்கிறது. ஒவ்வொரு பிள்ளையும் தனக்குப் புரியாத ஒரு கேள்வியைத் தாளில் எழுதிக்கொண்டு வர வேண்டும். அந்தப் பாடத்தில் தனக்கு ஏற்கெனவே என்ன தெரியும், எந்த வரி வரை தானே போட்டுப்பார்த்தோம், எந்த இடத்தில் இடறியது, மூன்றும் அதில் இருக்க வேண்டும். "எனக்கு அல்ஜீப்ரா புரியவில்லை" என்று வந்தால் வாங்காதீர்கள். கோபப்படாமல் திருப்பிக் கொடுத்து, "எந்த வரி வரை புரிந்தது?" என்று மட்டும் கேளுங்கள். மூன்று வாரம் இப்படித் திருப்பிக் கொடுத்தால் நாலாவது வாரம் தாள் மாறும். இடறிய இடத்தை ஒரு பிள்ளை தானாகக் கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

அப்புறம் உட்காரும் விதம். பிள்ளைகள் அரைவட்டமாகப் பலகையைப் பார்த்து உட்கார வேண்டும். கேள்வி கொண்டுவந்தவர் பலகையருகே நிற்பார். டியூட்டர் அவருக்கு எதிரே, பிள்ளைகள் பக்கம். பலகைப் பக்கம் போகவே கூடாது, மார்க்கரைத் தொடக் கூடாது. எனக்கு மிகவும் கடினமாக இருந்தது இதுதான். முதல் மாதம் முழுக்கக் கையைக் கட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

ஒரு நாள் ஒரு பெண் இருபடிச் சமன்பாட்டோடு வந்தாள். ஒரு எண்ணோடு 3-ஐக் கூட்டி வர்க்கப்படுத்தினால் 16 வருகிறது. அந்த எண் எது? 1 என்று சரியாகப் போட்டிருந்தாள். புத்தகத்தில் 1, மைனஸ் 7 என்று இரண்டு விடை. "இந்த மைனஸ் 7 எங்கிருந்து வந்தது?" என்று தாளில் எழுதியிருந்தாள். இடறிய இடத்தை இதைவிடத் துல்லியமாகச் சொல்ல முடியாது. மற்றவர்கள் கேட்க ஆரம்பித்தார்கள். "16 எதனுடைய வர்க்கம்?" "நாலு." "நாலு மட்டும்தானா?" அதற்குப் பிறகு அமைதி. எனக்கு நாக்கு நுனியில் பதில். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பொறுத்தேன். ஒரு நிமிடம் இருக்கும். "மைனஸ் நாலை மைனஸ் நாலால் பெருக்கினாலும் பதினாறுதானே" என்று பலகைப் பக்கம் திரும்பியபடியே சொன்னாள் அவள். மீதியை அவளே எழுதி முடித்தாள்.

அந்த அமைதியைக் கலைக்காதீர்கள். கலைத்தே தீர வேண்டும் என்றால் கேள்வியால் கலையுங்கள். ஆர்தர் காஸ்டா என்ற கல்வியாளர் கேள்விகளை மூன்று படியாகப் பிரித்தார். அவிட் வகுப்புகளில் அதைத்தான் பழக்குகிறார்கள். முதல் படி, புத்தகத்தில் கிடைப்பது: வர்க்கம் என்றால் என்ன? இரண்டாவது, யோசித்து இணைப்பது: இந்தக் கணக்குக்கும் நேற்றைய கணக்குக்கும் என்ன வித்தியாசம்? மூன்றாவது, புது இடத்தில் போட்டுப் பார்ப்பது: 16-க்குப் பதில் மைனஸ் 16 இருந்தால்? பிள்ளை திணறினால் ஒரு படி கீழே இறங்கிக் கேளுங்கள், நிமிர்ந்துவிட்டால் ஒரு படி ஏறுங்கள். டியூட்டர் தயார் செய்துகொண்டு போக வேண்டியது விடைகளை இல்லை, இந்தக் கேள்விகளைத்தான்.

உட்கார்ந்திருக்கும் ஆறு பேரும் குறிப்பு எடுக்க வேண்டும். கார்னெல் பல்கலைக்கழகத்தில் வால்டர் பாக் உருவாக்கிய முறை: வலது பக்கம் அகலமாகக் குறிப்பு, இடது பக்கம் ஒடுக்கமான பத்தியில் அந்தக் குறிப்பு எழுப்பும் கேள்விகள், அடியில் சொந்த வார்த்தையில் சுருக்கம். இடது பத்தியைச் சூடு ஆறுவதற்குள் நிரப்பச் சொல்லுங்கள். எல்லாத் தாளும் ஒரே பைண்டரில் சேர வேண்டும். வாரம் ஒருமுறை அதைப் பார்த்துவிடுங்கள்.

கலிஃபோர்னியாவில் இருக்கும் பெற்றோருக்கு ஒரு விஷயம். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் சேர உயர்நிலைப் பள்ளியில் குறிப்பிட்ட 15 பாடங்களைச் 'சி' கிரேடு அல்லது அதற்கு மேல் முடித்திருக்க வேண்டும்: ஆங்கிலம் நான்கு ஆண்டு, கணக்கு மூன்று ஆண்டு என்று அந்தப் பட்டியல் போகும். பள்ளியில் பாஸ் ஆகிப் பள்ளிப் படிப்பை முடித்த சான்றிதழ் வாங்க 'டி' போதும், இதற்குப் போதாது. பன்னிரண்டாம் வகுப்பில் இதைக் கேள்விப்பட்டு அழுத பிள்ளைகள் உண்டு. ஒன்பதாம் வகுப்பிலேயே பட்டியலை வாங்கி, ஒவ்வொரு பருவமும் பிள்ளையையே டிக் செய்யச் சொல்லுங்கள்.

மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது பலகையை நிறுத்திவிடுங்கள். கேள்வி முடியாமல் பாதியில் நின்றாலும் பரவாயில்லை. இன்று புதிதாக என்ன புரிந்தது, அதற்கு யார் கேட்ட கேள்வி உதவியது என்று ஒவ்வொருவரும் தாளின் அடியில் இரண்டு வரி எழுதட்டும். தாள்களை வாங்கிக்கொண்டுபோய் அன்றைக்கே படியுங்கள்.