மேலே நேர், அடியில் கோணல்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் வாங்கி வந்த பழைய தேக்குக் கட்டை, ஒன்றரை அங்குலக் கனம். ஒரு வீட்டு வாசல் நிலைக்கு மேலுள்ள வேலைப்பாட்டில் உதிர்ந்துபோன ஓர் இலையை அதில் அறுத்துப் பொருத்த வேண்டும். மெல்லிய பிளேடு மேலும் கீழும் ஓடி அறுக்கும் ஸ்க்ரோல் ரம்பத்தில் அறுத்தேன். மேல்முகம் கோட்டோடு கோடாக வந்திருந்தது. புரட்டிப் பார்த்தால் அடிமுகம் அரை நூல் (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) வெளியே தள்ளியிருந்தது. குழியில் பாதி இறங்கி அப்படியே நின்றுவிட்டது.

ரம்ப மேசையின் சாய்வைக் காட்டும் பாகைக் கோடு சுழியில் நிற்பதைப் பார்த்து நம்பியது என் முதல் தவறு. மூலைமட்டம் வைத்தும் பார்த்தேன். பிளேடு மெல்லியது, மட்டம் பட்டதும் வளைந்துகொடுத்துச் சரி என்று பொய் சொல்லிவிட்டது. இப்போது அதே கனத்தில் ஒரு கழிவுக் கட்டையை எடுத்து விளிம்பில் ஒரு நூல் ஆழம் வெட்டுகிறேன். இயந்திரத்தை நிறுத்தி, கட்டையைக் கவிழ்க்காமல் பிளேடின் முதுகுப்பக்கம் கொண்டுபோய், வெட்டு பிளேடைப் பார்க்கும்படி திருப்பி வைக்கிறேன். பிளேடின் முதுகு வெட்டுக்குள் தடையின்றி நுழைந்தால் மேசை நேர். சாய்வு இருந்தால் இந்தச் சோதனை அதை இரண்டு மடங்காகக் காட்டிக்கொடுத்துவிடும்.

மேசை நேரான பிறகும் கோணல் வந்தால் குற்றம் பெரும்பாலும் கையில்தான். தேக்கில் மெத்தென்ற வரியும் கெட்டியான வரியும் மாறி மாறி வரும். அழுத்தித் தள்ளினால் பிளேடு முதலில் பின்னால் வளையும், பிறகு மெத்தென்ற வரியைத் தேடி ஒதுங்கும். மேலும் கீழும் சரியாக இருந்து நடுவில் மட்டும் வயிறு விழுவது இதனால்தான். அறுத்த முகத்தில் மட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் தெரியும்.

இன்னொரு நுட்பம் பலருக்குப் பிடிபடுவதில்லை. தகட்டிலிருந்து அடித்தெடுத்த பிளேடுகளுக்கு ஒரு விளிம்பில் பிசிறு இருக்கும். அந்தப் பக்கம் வேகமாக வெட்டும் என்பதால், அறுவை கோட்டை விட்டு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். அதைத் திருத்தக் கட்டையைப் பக்கவாட்டில் நெட்டித் தள்ளக் கூடாது. தள்ளினால் பிளேடு வில்லாகும், வெட்டும் சாயும். கட்டையையே சற்றுத் திருப்பிவைத்துக் கொடுக்க வேண்டும்.

எண் கூடக்கூட பிளேடு பெரிதாகும்; இரண்டாம் எண் பிளேடு இதற்கு ஆகாது. ஏழு, ஒன்பது எண்களில் பல் விலகி இருப்பதை எடுங்கள். முறுக்கு ஏற்றிய பிறகு சுண்டினால் தந்திபோல் ஒலிக்க வேண்டும். தேக்கில் மணற்சத்து உண்டு, பல்லைச் சீக்கிரம் தின்றுவிடும். செட்டிநாட்டில் சிக்கனம் பெருமைதான். பிளேடு விஷயத்தில் வேண்டாம். பழைய கட்டை என்றால் உள்ளே ஆணி இருக்கிறதா என்று முதலில் ஒரு காந்தத்தை ஓட்டிவிடுங்கள்.

இரண்டாவது இலைக்கு மூன்று பிளேடு மாற்றினேன். அறுத்து முடித்த இலை, கட்டையிலிருந்து மேல்பக்கமாகவும் கீழ்பக்கமாகவும் ஒன்றுபோல நழுவி வந்தது. சாய்ந்திருந்தால் ஒரு பக்கம்தான் வரும். கனம் இரண்டு அங்குலத்தைத் தாண்டினால் நான் இந்த ரம்பத்தைத் தொடுவதேயில்லை. கோட்டைப் போட்டு ஆசாரியின் உளிக்கு விட்டுவிடுகிறேன்.