மென்திறன் பற்றிக் கடலோரப் பட்டதாரிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மென்திறன் (soft skills), அதாவது பிறரோடு பேசிப் பழகிச் சேர்ந்து உழைக்க உதவும் பண்புகள், என்றதும் ஆங்கிலப் பேச்சை மட்டும் நினைத்துக்கொள்வதுதான் முதல் தவறு. மற்றவை பெரும்பாலும் இதிலிருந்தே கிளைக்கின்றன. இந்தியாவில் புதிய பொறியியல் பட்டதாரிகளை வேலைக்கு எடுக்கும் நிறுவனங்களிடம் கருத்துக் கேட்டு உலக வங்கி 2011இல் வெளியிட்ட ஆய்வில், 64 விழுக்காடு நிறுவனங்கள் அவர்களுடைய திறன்களில் தங்களுக்கு ஓரளவே நிறைவு அல்லது அதற்கும் குறைவு என்று கூறியிருந்தன. ஆங்கிலத் தொடர்பாற்றலை அவை எதிர்பார்த்தது உண்மை; ஆயினும் நம்பகத்தன்மை, குழுவாக உழைத்தல், தானாக முன்வந்து செய்தல், கற்கும் விருப்பம் ஆகியவையும் அந்த எதிர்பார்ப்பில் இருந்தன.

இந்தப் பண்புகள் வளர்ந்த இடத்தையே மறைத்துவிடுவது இரண்டாவது தவறு. என்னை மிகவும் வருத்துவதும் இதுவே. விடுமுறை நாட்களில் இராமேசுவரத்தில் உறவினர் கடையில் நின்று, வடநாட்டு யாத்ரீகர்களிடம் இந்தியில் விலை பேசிச் சங்குப் பொருள் விற்ற மாணவர் தன் பயோடேட்டாவில் அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதுவதில்லை. பாம்பனிலோ மண்டபத்திலோ அப்பாவின் விசைப்படகுக்கு டீசல், ஐஸ் செலவைக் கழித்து ஆட்களுக்குப் பங்குக் கணக்கு எழுதும் மகள், அதை வீட்டு வேலை என்று ஒதுக்கிவிடுகிறார். நேர்முகத் தேர்வில் "ஒரு சிக்கலை எப்படிச் சமாளித்தீர்கள்?" என்று கேட்டால், "நான் கடின உழைப்பாளி" என்ற மனப்பாட வரிதான் வருகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகு கரையில் நிற்க, வருமானமின்றி வீட்டுச் செலவையும் கடன் தவணையையும் எந்த வரிசையில் கொடுத்தோம் என்று அந்த மகள் விளக்கியிருந்தால், அதுவே அக்கேள்விக்கு நேரான விடை. நடந்ததை மட்டும், என்ன நிலைமை, தான் என்ன செய்தேன், என்ன ஆயிற்று என்ற ஒழுங்கில் சொன்னால் போதும். தமிழில் சொல்லிப் பழகிய பிறகு ஆங்கிலத்துக்குப் போகலாம்.

வேலையில் சேர்ந்தபின், புரியாததற்கும் "சரிங்க சார்" என்று தலையாட்டுவதும், வர முடியாத நாளை முன்கூட்டிச் சொல்லாமல் விடுவதும் விரைவில் பெயரைக் கெடுக்கும். நம் ஊர்களில் மரியாதை கருதியே பிள்ளைகள் எதிர்க்கேள்வி கேட்பதில்லை. மேலாளரோ அதை அக்கறையின்மை என்று எடுத்துக்கொள்கிறார்.

கல்லூரிகள் செய்யும் தவறு, இறுதிப் பருவத்தில் சில நாள் வகுப்பு நடத்திச் சான்றிதழ் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்ததாகக் கருதுவது. ஜோர்டானில் கல்லூரி முடித்த இளம்பெண்களுக்கு 45 மணி நேர மென்திறன் பயிற்சி அளித்து ஆய்வு செய்தபோது, வேலை கிடைப்பதில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் ஏற்படவில்லை. 2022இல் தமிழக அரசு தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தின் வகுப்புகளையும் மதிப்பெண்ணுக்காக மட்டும் முடிக்காமல், முதலாண்டிலிருந்தே குழுவாகச் செய்யும் வேலைகளோடு சேர்த்தால்தான் பயன் தங்கும்.

அந்த ஜோர்டான் அனுபவம் இன்னொன்றையும் எண்ண வைக்கிறது. வேலையிடங்களே குறைவாக உள்ள பொருளாதாரத்தில், வேலை கிடைக்காத ஒவ்வொருவரிடமும் மென்திறன் இல்லை என்று முடிவுகட்டுவது பெற்றோரும் ஆசிரியர்களும் செய்யும் கொடிய தவறு. மத்திய அரசு முன்னேற விழையும் (வளர்ச்சியில் பின்தங்கிய) மாவட்டங்களின் பட்டியலில் சேர்த்துள்ள மாவட்டம் இராமநாதபுரம். இங்கே பெரிய தொழிற்சாலைகள் குறைவு என்பதால், தொண்டியிலோ கீழக்கரையிலோ படித்து முடித்தவர் பெரும்பாலும் வெளியூருக்கோ வளைகுடா நாடுகளுக்கோதான் போக வேண்டியுள்ளது. வெளியூர் அனுப்ப வீட்டார் தயங்கும் பெண்ணுக்கு, இன்னொரு பேச்சுப் பயிற்சியைவிடப் பாதுகாப்பான விடுதியும் முதல் மாத வாடகைக்கு உதவியும் கூடுதலாகத் தேவைப்படலாம்.