பாழடைந்த வீட்டை வாங்கி விற்பது: கை சுட்டுக்கொள்ளும் இடங்கள்

கும்பகோணம் பக்கம் ஒரு தெருவில் பத்து வருஷமாகப் பூட்டிக் கிடக்கும் வீடு. திண்ணை ஓரம் அரசங்கன்று முளைத்திருக்கிறது, விலையும் கொஞ்சம் இறங்கித்தான் சொல்கிறார்கள். பார்த்ததுமே மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிடும்: 40 லட்சத்துக்கு வாங்கி 12 லட்சம் செலவு செய்து 65க்குக் கொடுத்தால் கையில் 13 லட்சம்.

அந்த 13 லட்சம் எங்கே போகிறது என்று பார்ப்போம். தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%, ஆக 40க்கு 3.6 லட்சம் வாங்கும் அன்றே போய்விட்டது. பழைய வீட்டில் 12 என்று மேஸ்திரி சொன்னால் 16 என்று எழுதிக்கொள்ளுங்கள், ஏனென்றால் சுவரைக் கொத்திப் பார்க்கும்வரை உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்கும் தெரியாது. 25 லட்சம் கடன் வாங்கியிருந்தால் பத்து மாதத்துக்கு 9% வட்டி கிட்டத்தட்ட 1.9 லட்சம். வாங்கும்போதும் விற்கும்போதும் தரகு சேர்த்து ஒரு லட்சம். இப்போது மிச்சம் 2.5 லட்சம்தான். அதிலும், வாங்கி 24 மாதத்துக்குள் விற்றால் குறுகியகால மூலதன ஆதாயம், உங்கள் வருமானத்தோடு சேர்த்து வரி. 30% வரம்பில் இருக்கிறவருக்கு ஒன்றே முக்கால் லட்சம் தேறினால் அதிகம். (பத்திரத்தில் விலையைக் குறைத்துக் காட்டிச் சமாளிக்கலாம் என்று யோசனை சொல்வார்கள். சட்டப்படி தப்பு என்பது ஒரு பக்கம், நீங்கள் விற்கும்போது அதே வித்தியாசம் உங்கள் லாபமாகத் தெரியும்.)

அடுத்த தவறு, எனக்கு இதுதான் பெரிய தவறாகப் படுகிறது: யாருக்கு விற்கப் போகிறோம் என்று யோசிக்காமலே டைல்ஸ் கடைக்குப் போவது. நம் ஊரில் பழைய வீட்டுக்கு விலை பேசுகிறவர்கள் மனைக்குத்தான் பேசுகிறார்கள். வருகிறவர் இடித்துக் கட்டும் எண்ணத்தில் இருந்தால், நீங்கள் ஆறு லட்சத்துக்குப் போட்ட மாடுலர் கிச்சனும் பாத்ரூமும் அவருக்கு இடிக்கும் செலவு. முற்றம், தேக்குத் தூண், ஆத்தங்குடிக் கல் இவற்றுக்காகவே காசு கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவர்கள் குறைவு, அவர்களுக்காக ஒரு வருஷம்கூடக் காத்திருக்க வேண்டி வரும், அந்த ஒரு வருஷத்துக்கும் வட்டி ஓடும். மனை விலைக்கும் கீழே கிடைத்தால் ஒழிய நான் தொடமாட்டேன்.

சரி, விலை கீழே கிடைத்தது. ஏன் கிடைத்தது? பத்து வருஷம் வீடு பூட்டிக் கிடக்கிறது என்றால் பெரும்பாலும் பங்காளித் தகராறு, இல்லையென்றால் வெளியூரில் இருக்கும் யாரோ ஒருவர் கையெழுத்துப் போட மறுக்கிறார். வில்லங்கச் சான்று சுத்தமாக இருக்கிறது என்று நிம்மதியாகிவிடாதீர்கள். அதில் பதிவான பத்திரங்கள் மட்டும்தான் வரும், வாரிசுகளின் உரிமை வராது. அப்பா சொந்தமாகச் சம்பாதித்த வீடு, உயில் எழுதாமல் இறந்துவிட்டார் என்றால் மனைவிக்கும் மகள்களுக்கும் மகன்களுக்குச் சமமான பங்கு என்பது 1956ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் விற்க வருகிற அண்ணன் தம்பி "அக்காவுக்குக் கல்யாணத்திலேயே செய்துவிட்டோம்" என்பார்கள். அக்கா கையெழுத்து இல்லாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். தாய்ப் பத்திரத்தின் அசல் தொலைந்துவிட்டது, ஜெராக்ஸ் இருக்கிறது என்றால் அது யாரிடமாவது அடகில் இருக்குமோ என்று சந்தேகப்படுவதில் தப்பே இல்லை.

கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் இன்னொன்று இருக்கிறது, அடிமனை. கட்டடம் விற்கிறவருடையது, மண் கோயிலுடையது, மாதாமாதம் அடிமனை வாடகை. அது தெரியாமல் மண்ணுக்கும் சேர்த்து விலை கொடுத்தவர்கள் உண்டு.

கட்டடத்துக்கு வந்தால், சுவரைவிடக் கூரையைப் பாருங்கள். மெட்ராஸ் டெரஸ் தளம் (மரக்கட்டைகள் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய கூரை) என்றால் தேக்குக் கட்டைகள் நடுவில் கல் மாதிரி இருக்கும், சுவருக்குள் புதைந்திருக்கும் முனையில் மட்டும் ஈரத்தாலும் கரையானாலும் மாவாகியிருக்கும். நீளமான ஆணியால் அங்கே குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். சுண்ணாம்புச் சுவரில் ஓதம் ஏறியிருக்கிறது என்று சிமெண்ட் பூசி மூடுவது எல்லோரும் செய்கிற தப்பு. சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும், சிமெண்ட் அதை உள்ளேயே அடைக்கும், கொஞ்ச நாளில் உப்புப் பூத்துப் பெயிண்ட் உரியும், அதுவும் சரியாக ஆள் பார்க்க வரும் நேரத்தில்.

வரிசை வீடு என்றால் பொதுச்சுவர். நாங்கள் ஒரு வீட்டில் பின்கட்டை இறக்கியபோது பக்கத்து வீட்டு உத்தரமும் அதே சுவரில் உட்கார்ந்திருப்பது அப்புறம்தான் தெரிந்தது. முட்டுக் கொடுத்து, பேசி, அவர்கள் சமையலறையையும் சேர்த்துப் பூசிக் கொடுத்து முடிக்கையில் ஒன்றரை மாதம் போய்விட்டது.

அப்புறம், இந்த வீடுகளைச் சித்திரை வெயிலில் போய்ப் பார்க்காதீர்கள், எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். ஐப்பசியில், இரண்டு நாள் விடாமல் பெய்த பிறகு, சாவியை வாங்கிக்கொண்டு ஒரு டார்ச்சோடு தனியாகப் போங்கள்.