செதில் பூச்சியைக் கண்டதும் மருந்தடிக்காதீர்கள்

வாய்க்கால் கரைத் தேக்கிலோ கொல்லைப் பூவரசிலோ இலை கறுத்துக் கிடந்தால், பலரும் அதையே நோய் என்று நினைத்துப் பூஞ்சை மருந்து வாங்கப் போகிறார்கள். கறுப்பு வெறும் விளைவுதான். மேலே சிறுகிளையில் செதில் போல ஒட்டிக்கிடக்கும் செதில் பூச்சியோ, வெள்ளை மாவு போர்த்திய மாவுப்பூச்சியோ சாற்றை உறிஞ்சி, மிஞ்சிய இனிப்பைக் கழிக்கிறது. அது சொட்டிய இடத்தில் கரும்பூஞ்சை படர்கிறது. இலையை விட்டுவிட்டுக் கிளையைப் பாருங்கள். ஓடு தடித்த சில வகைகள் இனிப்பே கழிக்காது. அங்கே கறுப்பு இருக்காது, கிளை மட்டும் காயும்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, உடனே கடும் பூச்சிக்கொல்லி அடிப்பது. வளர்ந்த செதில் பூச்சி மெழுகு ஓட்டுக்குள் அசையாமல் இருக்கிறது. மேலே விழும் மருந்து அதை எளிதில் தொடாது. குஞ்சுகள் வெளியே வந்து இடம் தேடித் தவழும் சில நாட்களில்தான் அது வசமாகச் சிக்கும். மற்ற நாட்களில் அடித்தால் முதலில் சாவது செதில் பூச்சியைத் தின்னும் பொறிவண்டும், அதற்குள் முட்டையிட்டுக் கொல்லும் ஒட்டுண்ணிக் குளவியும்தான். அப்புறம் பூச்சி கேட்பாரில்லாமல் பெருகும். 2008இல் கோயம்புத்தூரில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, செதில் பூச்சியின் பங்காளிதான். பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று பரவி, தேக்கையும் விடவில்லை. 2010இல் புவர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசிரோபேகஸ் பப்பாயே என்ற குட்டிக் குளவியைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் அது அடங்கியது.

செத்த பூச்சியின் ஓடு பட்டையிலேயே ஒட்டியிருக்கும். அதைப் பார்த்து மறுபடி அடிப்பவர்கள் அதிகம். நகத்தால் சுரண்டுங்கள்: ஈரம் கசிந்தால் உயிருடன் இருக்கிறது, காய்ந்து உதிர்ந்தால் செத்தது. ஓட்டில் வட்டத் துளை இருந்தால் குளவி தன் வேலையை முடித்திருக்கிறது, கை வைக்காதீர்கள்.

எறும்பை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. இனிப்புக்காக அது பூச்சிக்குக் காவல் நிற்கிறது, பொறிவண்டை விரட்டுகிறது. எறும்பு ஏறும் வழியை அடைத்தாலே பாதி வேலை முடிந்தது.

ஜனவரி 28 வாக்கில் மேட்டூர் அணை அடைபட்டு, ஜூன் 12 வரை ஆறும் வாய்க்காலும் வறண்டால் இளங்கன்றுகள் வாடும், பூச்சியும் கூடும். அப்போது யூரியாவை அள்ளிப் போட்டால் துளிர் மென்மையாகி அதற்கே விருந்து. தண்ணீர்தான் வேண்டும்.

அடித்தே தீர வேண்டும் என்றால், குஞ்சு தவழும் சமயத்தில் லிட்டருக்கு 25 கிராம் மீன் எண்ணெய் ரோசின் சோப்பு கரைத்து, வெயில் தாழ்ந்த பிறகு, கிளை நனையத் தெளியுங்கள். வாய்க்காலில் வழிய விடாதீர்கள், மீனுக்கு ஆகாது. கழித்த கிளையைக் கரையிலேயே போட்டு வைத்தால் குஞ்சுகள் காற்றில் பக்கத்து மரத்துக்குப் போய்விடும். அன்றே எரித்துவிடுங்கள்.