குறுகலான வாசலில் சோபாவை நுழைக்க

மூன்று பேர் உட்காரும் சோபாவைப் படுக்கைவாட்டில் தள்ளினால் நடையின் திருப்பத்திலேயே சிக்கிக்கொள்ளும். கைப்பிடி தரையில் படும்படி செங்குத்தாக நிறுத்தி, முதுகுப் பக்கத்தை முதலில் நிலைக்குள் விட்டு, பிறகு இருக்கைப் பக்கத்தை வளைத்துத் திருப்புங்கள். ‘எல்’ எழுத்துபோல் நிலையைச் சுற்றிக்கொண்டு உள்ளே போய்விடும்.

நுழையுமா என்று முன்பே தெரிந்துகொள்ளலாம். முதுகின் உச்சிக்கும் கைப்பிடியின் முன்நுனிக்கும் நேராக ஒரு குச்சியை வையுங்கள். பின்புறக் கீழ்மூலையிலிருந்து அந்தக் குச்சிக்குச் செங்குத்தாக உள்ள தூரம் வாசல் அகலத்தைவிடக் குறைவாக இருக்க வேண்டும்.

ஒரு அங்குலம்தான் இடிக்கிறதா? கதவைக் கீலிலிருந்து கழற்றுங்கள். கதவுப் பலகையின் கனம், ஏறத்தாழ ஒன்றேகால் அங்குலம், கிடைக்கும். திருகுக் கால்களையும் கழற்றிவிடுங்கள். நிமிர்த்தும்முன் மின்விசிறியைக் கட்டாயம் நிறுத்துங்கள்.